கணக்கு யார் வூட்ல இருக்குது?

(அச்சரப்பாக்கத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வீட்டில் ஒரு சர்வர் வைப்பது எப்படி, அதில் போடுவதற்கு எந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ‘இது கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாச்சாரம்’ என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது காதில் விழுந்தது. அப்படி இல்லை தோழர். செங்கல்பட்டுச் சீமையில் நமக்கும் காகிதத்துக்கும் நடக்கிற சண்டை நூற்றுமுப்பது வருஷத்துச் சண்டை. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மென்பொருள் அதற்குள்ளே வருகிறது.

1980 வரைக்கும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நிலக்கணக்கு யாரிடம் இருந்தது? கர்ணத்திடம். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெட்டியில்தான். அப்பா கர்ணம், அவருக்கப்புறம் பிள்ளை கர்ணம். நம்ம ஆளு ஒருத்தன் தன் நிலத்துக்கு சர்வே நம்பர் என்னன்னு தெரிஞ்சிக்கணும்னா அந்தத் தெருவுக்குப் போய் திண்ணைக்குக் கீழே நிக்கணும். அவர் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு. சரியா தப்பான்னு பார்க்க நம்மகிட்ட இன்னொரு நகல் கிடையாது. எம்.ஜி.ஆர். ஆட்சி 1980 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழித்தது. அதன் பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆகவே ‘ஹோம் சர்வர்’ நமக்குப் புதுசு இல்லை. நம்ம கணக்கை வைத்திருந்த சர்வர் ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. பாஸ்வேர்டு ஒரு குடும்பத்துக்கு மட்டும் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சேரி மனைகூட மிராசுதாரனுடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிச்சிக்கிட்டுப் போன்னு சொல்ல அவனால் முடிகிறது என்பதை அந்த வெள்ளைக்காரர் பார்த்தார். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். சென்னை மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அந்த நிலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல நிபந்தனை. ஆனால் நிலம் எங்கே போச்சு? 1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு தோழர்கள் செத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்ததைக் கேட்டதற்குச் சாவு. நிபந்தனை ஆணையில் இருந்தது, ஆணை கோட்டையில் இருந்தது, பதிவேடு கர்ணம் வீட்டில் இருந்தது. நிலத்தை உழுதவன் கையில் ஒன்றும் இல்லை.

இதை ஞாபகத்தில் வச்சிக்கிட்டு இப்போ மென்பொருளுக்கு வருவோம்.

நம்மகிட்ட இன்னைக்கு என்ன இருக்குது? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு வாங்கிய பழைய அ-பதிவேட்டு நகல்கள். கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள். தொண்ணூறுகளில் வந்த சிறுபத்திரிகைகள், துண்டறிக்கைகள். ஊர்வலப் போட்டோக்கள், பாட்டுக் கேசட்டுகள். இதெல்லாம் எங்கே இருக்குது? ஒரு தோழர் போனில் கொஞ்சம், வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம், யாரோ ஒருத்தர் கூகுள் கணக்கில் மீதி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. 2021 ஜூன் 1லிருந்து போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. இரண்டு வருஷம் திறக்காமல் கிடக்கிற தனிநபர் கணக்கை அழித்துவிடலாம் என்று 2023 டிசம்பரிலிருந்து விதி நடைமுறையில் இருக்கிறது. ஒரு தோழர் இறந்துபோனால், ஜெயிலுக்குப் போனால், அவர் சேர்த்து வச்ச நம்ம வரலாறும் அந்தக் கணக்கோடு போகும். இதைத்தான் மிராசுதாரன் மனையில் குடிசை என்கிறேன். குடியிருக்கலாம். மனை நம்முடையது இல்லை.

சொந்த மனைக்கு என்ன வேணும்? பெரிய செலவு இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் வீட்டில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் அட்டத்தில் கிடக்கும். 2011இல் தொடங்கி முதல் சில வருஷம் கொடுத்தவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது, கவனிச்சிருக்கீங்களா? சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. யாரும் சொல்லித் தரவில்லை. பசங்க முதல் வேலையாக அதை அழிச்சிட்டு சினிமா ஏத்திக்கிட்டாங்க. அதற்கும் முன்னால், எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீவிரமாக முயன்றார். தலித் அதிகாரி. 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழில் குற்றம் சொல்லிப் பணியிடை நீக்கம் செய்தார்கள்; அதே வருஷம் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காகிதம் எப்படியெல்லாம் வேலை செய்யுது பாருங்க.

நாங்கள் சில ஊர்த் தோழர்கள் சேர்ந்து அப்படி ஒரு லேப்டாப்பைத்தான் சர்வராக ஓட்டுகிறோம். 2 ஜிபி ராம், புதுசாக வாங்கிய ஒரு ஹார்ட் டிஸ்க். சர்வர் என்றால் கேட்டதை எடுத்துக் கொடுக்கிற கணினி, வேறொன்றும் இல்லை. 20 வாட் இழுக்கிறது என்று வச்சிக்கிட்டால் இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாசத்துக்கு சுமார் 29 யூனிட். கரண்டு போனால் லேப்டாப் பேட்டரியே கொஞ்ச நேரம் தாங்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழட்டிடுங்க, தீப்பிடிக்கும்.

சரி, அதில் எதைப் போடுவது? வீட்டு சர்வருக்கென்று நூற்றுக்கணக்கில் மென்பொருள் இருக்குது. படிச்ச பசங்க கண்ணில் படுவதையெல்லாம் ஏத்துகிறார்கள். ஒரு மாசத்தில் இருபது ஓடுது, ஆறாம் மாசம் எதையும் பார்க்க ஆளில்லை. நான் முதலில் பார்ப்பது உரிமத்தை. ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்று நினைக்காதீங்க. மூலநிரல் உன் கைக்கு வரும், படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் அதன் பொருள். இதில் இரண்டு வகை உண்டு. ‘எடுத்துக்கோ, அப்புறம் பூட்டி வச்சிக்கிட்டாலும் சரி’ என்கிற உரிமம் ஒன்று. எம்.ஐ.டி. உரிமம் அப்படி. ‘எடுத்துக்கோ, மாத்து, ஆனால் அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது இதே நிபந்தனையோடு கொடு’ என்கிற ஜி.பி.எல். வகை இன்னொன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். நிபந்தனை பொருளோடு கூடவே போகும். கேட்டவுடனே எனக்கு 1892தான் ஞாபகம் வந்தது. பஞ்சமி நிபந்தனையும் நிலத்தோடு கூடவே போகிற நிபந்தனைதானே.

அங்கே தோற்றது இங்கே எப்படி நிற்கிறது? எம்பி என்று ஒரு மென்பொருள். வீட்டிலுள்ள பாட்டு, படங்களை வரிசைப்படுத்திக் காட்டுவதற்கு. அதை நடத்தியவர்கள் 2018 டிசம்பரில் இனி நிரலைத் திறந்து வைக்கமாட்டோம் என்று மூடிவிட்டார்கள். அதுவரைக்கும் திறந்திருந்த கடைசி நகல் ஊரெல்லாம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் ஜெல்லிஃபின் என்று பெயர் வைத்துத் தொடர்ந்தது. இன்றைக்கும் ஓடுகிறது. 2016இல் ஓன்கிளவுட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் நெக்ஸ்ட்கிளவுட் செய்ததும் இப்படித்தான். நிபந்தனையும் நகலும் பல பேர் கையில் இருந்ததால் அங்கே பறிக்க முடியவில்லை. நமக்கு ஆணை இருந்தது, நகல் இல்லை.

இரண்டாவது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கணும். ஒரு ஆள் ராத்திரி கண் முழிச்சு எழுதுகிற மென்பொருள் நல்லதாகவே இருக்கலாம். அவருக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், விட்டுடுவார். தாள்களை ஸ்கேன் செய்து தேடும்படி வைக்கிற பேப்பர்லெஸ்ஸை முதலில் ஒருவர் எழுதினார். அவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். 2022இல் ஒரு குழுவே பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. ஆள் மாறினாலும் கைமாறி வாழ்ந்திருக்கிறது. இப்படிப்பட்டதை நம்பலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனால் என் தாள் எனக்குத் தெரியுமா? தொண்ணூறுகளில் நம்ம பத்திரிகைகள் பலவும் பேஜ்மேக்கரில், ஆளுக்கொரு தமிழ் எழுத்துருவில் கோர்க்கப்பட்டன. ஒரு கடையில் அடித்தது இன்னொரு கடையில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். குறியீட்டை ஒழுங்குபடுத்த 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட வேண்டியிருந்தது. 2010இல்தான் தமிழக அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது. பேஜ்மேக்கரோ ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. அந்த ஃப்ளாப்பிகள் இப்போது கிடைத்தாலும் திறப்பது பெரும்பாடு. அச்சடித்த இதழைக் கையில் எடுத்தால் படிக்க முடிகிறது. ஆகவே கோப்பைத் தன் வயிற்றுக்குள் விழுங்கிக்கொண்டு, தான் வழியாகத்தான் காட்டுவேன் என்கிற எந்த மென்பொருளையும் நான் ஆவணத்துக்கு வைக்கமாட்டேன். சாதாரணக் கோப்புறை, சாதாரண பிடிஎஃப், ஒருங்குறியில் ஒரு உரைக் கோப்பு. கோப்பின் பெயரிலேயே வருஷம், ஊர், சர்வே எண். மென்பொருள் செத்தாலும் ஹார்ட் டிஸ்கைக் கழட்டி வேறு கணினியில் போட்டால் பெயரைப் பார்த்து எடுக்கலாம்.

இதையெல்லாம் வடிகட்டிய பிறகு நாங்கள் வைத்திருப்பது கொஞ்சம்தான். அடியில் டெபியன். 1993லிருந்து எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் தன்னார்வலர்கள் நடத்துவது, நிறுவும்போதே திரையில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். அதன்மேல் சிங்திங். இது நடுவில் ஒரு தலைமைக் கணினி இல்லாமல் இரண்டு மூன்று ஊர்க் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைச் சமமாக வைத்துக்கொள்ள உதவுகிறது. தலைமை இல்லாதது என்பதே எனக்குப் பிடித்தது. அப்புறம் கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், நெட் ரீசார்ஜ் இல்லாத பிள்ளைகள் வைஃபை வழியாக இலவசமாகப் படிக்கிறார்கள். பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்று தோழர்கள் நடத்தியதும் கட்டற்ற மென்பொருளில்தான். அந்தக் குடிசைப் பிள்ளைகள் கிம்ப்பில் படம் வரைந்தார்கள்.

வேண்டாமென்று வைத்தவையும் உண்டு. நெக்ஸ்ட்கிளவுட் நல்லதுதான். ஆனால் தரவுத்தளம், பிஎச்பி என்று பராமரிப்பு கேட்கும், எங்கள் லேப்டாப்பும் திணறும். போட்டோவுக்கு இம்மிச் அழகாக இருக்குது, 2 ஜிபிக்கு ஆகாது. பேப்பர்லெஸ் ஆசைதான். ஆனால் அச்செழுத்தைப் படிக்கிற டெசராக்டை வேறு நல்ல கணினியில் ஓட்டி, உரையை மட்டும் இங்கே கொண்டுவருகிறோம். கர்ணத்தின் கையெழுத்தை அது படிக்காது. அதை நம்ம பெரியவர்கள்தான் படிச்சுச் சொல்லணும். 2005இல் தொடங்கிய ஈழத்து ‘நூலகம்’ திட்டம் மீடியாவிக்கியில் வளர்ந்தது. நமக்கும் அந்த அளவுக்கு உழைக்க ஆள் சேர்ந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

ஒரு ஊர்க் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னோம். கடைசியில் ஒரு பெரியம்மா கேட்டாங்க: “எல்லாம் சரி, யாரு வூட்ல வக்கப் போறீங்க? சாவி யாருகிட்ட?” கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏன்னா அதுவரைக்கும் பேசின நாங்கள் நாலு பேரும் ஆம்பிளைங்க, நாலு பேரும் பட்டதாரிங்க. வீட்டில் சர்வர் வைத்து, அதை ஒரே ஒருத்தனுக்குத்தான் இயக்கத் தெரியும் என்று வந்தால் அவன்தான் புதுக் கர்ணம். சாதி நம்ம சாதியாக இருக்கலாம், திண்ணை மாறாது. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நெட்டில் யாரும் கேட்காத கேள்வி இது. எவ்வளவு வேகம், எத்தனை வசதி என்று ஒப்பிடுகிறார்கள். பத்தாவது படித்த இரண்டாவது ஆளுக்கு எத்தனை நாளில் சொல்லித்தர முடியும் என்று யார் ஒப்பிடுகிறார்கள்? எங்களுக்கு அதுதான் அளவுகோல். பட்டியல் சிறுத்துப்போனதற்கு ராம் ஒரு காரணம், இது பெரிய காரணம்.

மகளிர் சுய உதவிக் குழுவில் பெட்டி ஒருத்தர் வீட்டில், சாவி இன்னொருத்தர் வீட்டில் இருக்கும். அதையே இங்கே செய்யலாம். டெபியனில் ஹார்ட் டிஸ்கைப் பூட்டும்போது ஒரே பூட்டுக்கு ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்க முடியும். மூன்று பேருக்கு மூன்று. ஒருத்தர் இயக்கத்தை விட்டுப் போனால் அவருடையதை மட்டும் நீக்கலாம், மற்றது அப்படியே இருக்கும். மூன்றில் ஒன்று அந்தப் பெரியம்மாவின் மகளிடம் இருக்கிறது. எப்படி இயக்குவது என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி லேப்டாப் மூடியில் ஒட்டியிருக்கிறோம்.

இனி வீடு. வீடு பத்திரமான இடம் என்பது ஊர்க்காரன் நினைப்பு. தர்மபுரி நாயக்கன்கொட்டாயில் 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் சேரிகளைக் கொளுத்தினார்கள். வீட்டோடு சேர்ந்து பிள்ளைகளின் சான்றிதழ்களும் பத்திரங்களும் எரிந்தன. ஆகவே ஒரு சேரியில் ஒரு சர்வர் என்பது போதாது. அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ் 1907இல் தொடங்கியது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர் எழுத்துகளைத் தொகுக்க முடிந்ததே, எப்படி? கோலார் தங்கவயல் போன்ற இடங்களில் குடும்பங்கள் பழைய இதழ்களைப் பெட்டியில் காத்து வைத்திருந்ததால்தான். நம்ம மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கி ஏழு வருஷம் நடத்திய ‘பறையன்’ இதழ்களின் முழுத் தொகுதி நம்மிடம் இல்லை. பல ஊர்ப் பெட்டியில் இருந்தது பிழைத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிங்திங் நகலெடுக்கிறது, ஆனால் அது காப்பு இல்லை. ஒரு ஊரில் யாராவது கோப்பை அழித்தால் மற்ற ஊர்களிலும் அழியும். மூலத்தை வைத்திருக்கிற கணினியை ‘அனுப்ப மட்டும்’, மற்றவற்றை ‘பெற மட்டும்’ என்று அமைத்து, பழைய பதிப்பைக் காக்கும் வசதியை ஒவ்வொன்றிலும் போட்டுவிடணும். அது தவிர மாசம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, எந்த வயரும் இல்லாமல் வேறொரு ஊரில் கொண்டுபோய் வைக்கணும்.

எதை வைக்கக்கூடாது என்றும் சொல்லணும். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலம், சாட்சிகளின் பெயர், விலாசம் இதெல்லாம் எல்லாரும் பார்க்கிற கோப்புறையில் வரவே கூடாது. வழக்கறிஞரிடம் இருக்கட்டும். இந்த சர்வரை வெளியுலக நெட்டுக்குத் திறந்து விடுவதும் வேண்டாம். அறைக்குள் வந்து வைஃபையில் பார்க்கட்டும், அது போதும்.

பீமா கோரேகான் வழக்கை எல்லாரும் அறிவீங்க. ரோனா வில்சனின் லேப்டாப்புக்குள் அவருக்குத் தெரியாமலே வெளியாள் கோப்புகளைத் திணித்திருக்கிறான் என்று அர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. அந்த வாதம் எப்படியும் போகட்டும். நம்ம கணினியை நாளைக்கு யாராவது தூக்கிக்கொண்டு போனால், அன்றைக்கு உள்ளே என்ன இருந்தது என்பதை நிரூபிக்க நம்மிடம் வழி வேணும். ஷா-256 என்று ஒரு கணக்கு முறை, டெபியனிலேயே இருக்கிறது. ஒரு கோப்பைக் கொடுத்தால் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி மாறிவிடும். எல்லாக் கோப்புகளின் வரிகளையும் ஒரு பட்டியலாக்கி, அந்தப் பட்டியலுக்கே ஒரு வரி எடுத்தால், அது அன்றைய தேதிக்கு மொத்தப் பெட்டிக்கும் கைநாட்டு மாதிரி. அதை நோட்டில் எழுதி வைத்தால் நோட்டும் சேர்ந்து போகும். அச்சில் வந்து ஐநூறு கைக்குப் போய்விட்டால் யாராலும் திருத்த முடியாது. பத்திரிகைத் தோழர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். இதழின் கடைசிப் பக்கத்தில், சந்தா விவரத்துக்குக் கீழே, தேதி போட்டு ஒரே ஒரு வரி இடம் கொடுக்க முடியுமா என்று இப்போதே கேட்டு வைக்கிறேன்.

லேப்டாப் இருக்கிறவங்க சார்ஜரையும் தேடி எடுத்து வைங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் டெபியன் ஏற்றுவதை இங்கேயே செய்து காட்டுகிறோம். வீட்டுக்கு ஒரு பெண்ணாவது கூட வரணும். இப்போ கேள்வி இருந்தால் கேளுங்க.